செத்த மாட்டுக்கு மறுமை உண்டோ? வேதமும் சபைகளும் உண்மையில என்ன சொல்லுது

பாலைநிழல்
மாரி தொடங்கினா இந்தக் கேள்வியும் கூடவே வரும். 2022 டிசம்பர்க் குளிருக்குள்ள வடக்கிலயும் கிழக்கிலயும் மாடுகள் பட்டியோட விறைச்சுச் செத்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அப்பிடிச் சாவு விழுந்தா மறைக்கல்வி வகுப்பில பிள்ளையள் கேக்கிற முதல் கேள்வி, "எங்கட மாடு மோட்சத்துக்குப் போகுமோ?" எண்டதுதான். படிப்பிக்கிற ஆக்கள் ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்டு சொல்லுகினம்.

மிருகத்துக்கு ஆத்துமா இருக்கோ, செத்த மிருகத்துக்குப் பூசை ஒப்புக்கொடுக்கலாமோ, பிள்ளைக்கு என்ன வசனம் சொல்லுறது. இந்த மூண்டும்தான் கேள்வி. வசன எண்ணோட எழுதுங்கோ. இன்னொண்டு: "மறுவாழ்வு" எண்டு எழுதாதேங்கோ. இங்க அந்தச் சொல்லைக் கண்டா ஆக்கள் புனர்வாழ்வு, மீள்குடியேற்றம் எண்டு வேற பக்கம் போயிடுவினம். "மறுமை" எண்டே வைப்பம்.

ஜெபவீடு
பதில் லேசு. மனுசனுக்கு ஆவி, ஆத்துமா, சரீரம் மூண்டும் உண்டு (1 தெசலோனிக்கேயர் 5:23). மிருகத்துக்குச் சரீரமும் உயிரும் மாத்திரம், ஆவி இல்லை. ஆதியாகமம் 2:7இல "மனுஷன் ஜீவாத்துமாவானான்" எண்டிருக்கு. மிருகங்களைச் சொல்லேக்க "ஜீவஜந்து" எண்டு மட்டும்தான் இருக்கு. ஆவி இல்லாதது செத்தா மண்ணோட முடிஞ்சுது.

ஓலைச்சுவடி
ஜெபவீடு தம்பி, நீங்கள் சொன்ன வித்தியாசம் தமிழில மட்டும்தான் இருக்கு, எபிரெயத்தில இல்லை.

2:7இல "ஜீவாத்துமா" எண்டு வாற இடத்தில எபிரெயச் சொல் நெபேஷ் ஹய்யா, உயிருள்ளது எண்டு அர்த்தம். அதே அதிகாரத்தில 12 வசனம் தள்ளி, 2:19இல ஆதாம் பேரிட்ட "ஜீவஜந்து"வுக்கும் அதே நெபேஷ் ஹய்யாதான். 1:20, 1:24 வசனங்களிலயும் மீனுக்கும் கால்நடைக்கும் அதே சொல். பழைய மொழிபெயர்ப்புக்காரர் மனுசனுக்கு வந்த இடத்தில ஆத்துமாவைப் போட்டு, மாட்டுக்கு வந்த இடத்தில ஜந்துவைப் போட்டிட்டினம். கத்தோலிக்கர் வாசிக்கிற திருவிவிலியத்தில 2:7ஐப் பாருங்கோ, "மனிதன் உயிர் உள்ளவன் ஆனான்" எண்டு வரும். ஆத்துமா எண்ட சொல்லே அங்க இல்லை.

"ஆவி இல்லை" எண்டதும் நிக்காது. ரூவாக் எண்டதுதான் எபிரெயத்தில ஆவி, மூச்சு, காத்து மூண்டுக்கும் சொல். சங்கீதம் 104:29இல "நீர் அவைகளின் சுவாசத்தை வாங்கிக்கொள்ள, அவைகள் மாண்டு" எண்டிருக்கு. அங்க "சுவாசம்" எண்டது ரூவாக். அடுத்த வசனம், "நீர் உம்முடைய ஆவியை அனுப்பும்போது, அவைகள் சிருஷ்டிக்கப்படும்". அதுவும் ரூவாக். ஒரே சொல், அடுத்தடுத்த வசனம். மிருகத்திட்ட இருக்கேக்க சுவாசம், கடவுளிட்ட இருக்கேக்க ஆவி. பிரசங்கி 3:21இல மட்டும் மொழிபெயர்ப்பாளர் ஒளிக்கேல்லை: "தாழப் பூமியிலிறங்கும் மிருகங்களுடைய ஆவியையும் அறிகிறவன் யார்?" வெள்ளத்தில செத்ததுகளைச் சொல்லுற ஆதியாகமம் 7:22இலயும் "நாசியிலே ஜீவசுவாசமுள்ளவைகள் எல்லாம்" எண்டு மனுசனையும் மிருகத்தையும் ஒண்டாத்தான் போட்டிருக்கு.

ஜெபவீடு
சரி, சொல் ஒண்டெண்டே வைச்சுக்கொள்ளுவம் அண்ணை. சொல் ஒண்டெண்டதால கதி ஒண்டாகுமோ? சங்கீதம் 49:20 "அழிந்துபோகும் மிருகங்கள்" எண்டு சொல்லுது. 2 பேதுரு 2:12 "பிடிபட்டழிக்கப்படுவதற்கு உண்டான புத்தியற்ற மிருகஜீவன்கள்" எண்டு சொல்லுது. பவுலும் 1 கொரிந்தியர் 9:9இல "தேவன் மாடுகளுக்காகவே கவலையாயிருக்கிறாரோ?" எண்டு கேக்கிறார்.

ஓலைச்சுவடி
கேள்வி நியாயம். நானும் கதி ஒண்டெண்டு சொல்ல வரேல்லை. மிருகத்துக்கு ஆத்துமா இல்லை எண்டு அந்தச் சொல்லை வைச்சு வாதாட ஏலாது, அவ்வளவுதான். இன்னொரு பக்கமும் இருக்கு: நெபேஷ் எண்டது "சாகாத ஆத்துமா" இல்லை. எண்ணாகமம் 6:6இல பிணத்துக்கே அந்தச் சொல்தான் வருது. அதால "மாட்டுக்கும் நெபேஷ் உண்டு, ஆகவே மாடு சாகாது" எண்டு திருப்பிப் போடுறதும் பிழை. கிறிஸ்தவ விசுவாசம் சாகாத ஆத்துமாவில தொங்கி நிக்கிறதில்லை, உயிர்ப்பில நிக்குது. கேக்கவேண்டியது, கடவுள் எழுப்பிற பட்டியலில மிருகமும் இருக்கோ எண்டது.

நீங்கள் காட்டின முதல் இரண்டு வசனமும் உவமை. ஒண்டு கனமடைஞ்சும் அறிவில்லாத மனுசனுக்கு, மற்றது கள்ளப் போதகருக்கு. 9:9இல பவுல் உபாகமம் 25:4ஐ எடுக்கிறார், "போரடிக்கிற மாட்டை வாய்கட்டாயாக". ஊழியக்காரருக்குக் கூலி வேணும் எண்டு காட்டத்தான் எடுத்தது. ஆனா அந்தக் கட்டளை முதல்ல மாட்டுக்காகத்தான் எழுதினது. சூடு மிதிக்கிற மாடு வைக்கோலுக்க குனிஞ்சு நெல்லைக் கவ்வும். வாய்ப்பூட்டுப் போட்டா நெல் மிச்சம், ஆனா நாள் முழுக்கச் சுத்திற மாடு பசியில நடைதளரும். இப்ப மெசின் வந்தபடியால அந்த வசனம் எங்கட பிள்ளையளுக்கு விளங்குதில்லை, விளக்கித்தான் வாசிக்கவேணும்.

ஆறாம்அறிவு
கத்தோலிக்க இறையியலாளர் அக்குவினாஸ் தோமாவை விட்டிட்டு இந்தக் கதை ஓடாது. கத்தோலிக்கப் பாதர்மார் "மிருகத்துக்கு ஆன்மா உண்டு, ஆனா அழியும்" எண்டு சொல்லுறது அவரிட்ட இருந்து வந்தது. அவர் (1274இல இறந்தவர்) அரிஸ்டோட்டிலைப் பின்பற்றி உயிரை மூண்டாப் பிரிக்கிறார். மரத்துக்கு வளருற உயிர், மிருகத்துக்கு உணருற உயிர், மனுசனுக்குச் சிந்திக்கிற உயிர். தொல்காப்பிய மரபியலில புல்லும் மரமும் ஓரறிவு, மாவும் மாக்களும் ஐயறிவு, மக்கள் ஆறறிவு எண்டு படிச்ச எங்களுக்கு இது புதிசில்லை. ஆறாவது மனம்.

தோமாவின்ர வாதம் இதுதான். பார்க்கக் கண் வேணும், கேக்கக் காது வேணும். மிருகத்தின்ர வேலை முழுக்க உறுப்பில தங்கியிருக்கு. உறுப்பு செத்தா அந்த உயிருக்கு வேலை இல்லை, வேலை இல்லாத உயிர் தனிய நிக்காது. மனுசன்ர சிந்தனை மட்டும் உறுப்புக்குக் கட்டுப்படாதது, அதால அது நிக்கும். இது அவரின்ர நூலான இறையியல் தொகுப்பு, முதற்பகுதி, கேள்வி 75, பிரிவு 3. புதுப்பிச்ச உலகத்தில மிருகமும் செடியும் இருக்காது எண்டு சொல்லுற இடம் துணைப்பகுதி, கேள்வி 91, பிரிவு 5. ஒரு குறிப்பு: அந்தத் துணைப்பகுதி அவர் செத்தாப் பிறகு அவரின்ர பழைய எழுத்தில இருந்து மற்ற ஆக்கள் கோத்தது. முதிர்ந்த தோமா அதையே எழுதியிருப்பாரோ எண்டு ஒருத்தரும் சத்தியம் பண்ண ஏலாது.

இது தோமாவின்ர கருத்து. மிருகத்துக்கு மறுமை இல்லை எண்டு திருச்சபை விசுவாச சத்தியமா வரையறுக்கேல்லை. உண்டு எண்டும் வரையறுக்கேல்லை.

கோயிலடி
சைவக்காரன் ஒரு சொல்லு சொல்லலாமோ? எங்கட பக்கம் இது கேள்வியே இல்லை. "புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகிப் பல்மிருகமாகி" எண்டு சிவபுராணமே சொல்லுது. அதே ஆன்மாதான் மாட்டிலயும்.

ஆறாம்அறிவு
தாராளமாச் சொல்லுங்கோ அண்ணை. வேறுபாடும் அங்கதான் இருக்கு. உங்களுக்கு மாட்டின்ர உயிர் வேற உடம்புக்கு நகரும். கிறிஸ்தவத்தில நகர்வு இல்லை. மாடு மாடாவே எழும்பவேணும், இல்லாட்டி இல்லை. "நல்ல நாய், அடுத்த பிறப்பில மனுசனாப் பிறக்கும்" எண்டு எங்கட சனமும் வாய்தவறிச் சொல்லும். அது பக்கத்து வளவுக் கதை.

சூரியகட்டை
அப்ப மெதடிஸ்ட் பக்கம்? அந்தச் சபையைத் தொடங்கின வெஸ்லி மிருகத்துக்கும் மோட்சம் எண்டு பிரசங்கிச்சவராமே.

ஓலைச்சுவடி
ஓம், கிட்டத்தட்ட. 1781இல எழுதின பிரசங்கம், தலைப்பு "பொது விடுதலை" எண்ட கருத்து. எடுத்த வசனம் ரோமர் 8:19-22. வெஸ்லியின்ர நியாயம் நீதியைப் பற்றினது: மிருகம் பாவம் செய்யேல்லை, ஆனா மனுசன்ர வீழ்ச்சியால அடியும் பசியும் படுது. பாவம் செய்யாத ஒண்டு பட்ட வேதனைக்குக் கைமாறு இல்லாட்டி கடவுளின்ர நீதி எங்க? சிருஷ்டி "அழிவுக்குரிய அடிமைத்தனத்தினின்று விடுதலையாக்கப்பட்டு" எண்டு பவுல் சொல்லுறது இதுக்குத்தான் எண்டார். மிருகம் இப்ப இருக்கிறதை விட மேலான நிலைக்கு உயர்த்தப்படலாம் எண்டும் ஊகிக்கிறார். ஊகம் எண்டதை அவரே மறைக்கேல்லை.

அவருக்கு முன்னம் 1736இல, பிறகு ஆங்கிலிக்கன் ஆயரான ஜோசப் பட்லர் வேற வழியால வந்தவர். மனுச ஆத்துமா சாகாது எண்டதுக்கு இயற்கையில இருந்து எடுக்கிற ஆதாரம் மிருகத்துக்கும் பொருந்துமே எண்டு எதிராளி மடக்கினா, அது ஒரு மறுப்பே இல்லை எண்டார். சீர்திருத்தச் சபைக் கால்வின் அதே ரோமர் 8க்கு உரை எழுதேக்க, சிருஷ்டி புதுப்பிக்கப்படும் எண்டதை ஒத்துக்கொண்டு, மிருகம் சாகாமல் இருக்குமோ எண்டு துருவிக்கொண்டு போகாதேங்கோ எண்டு கதவைச் சாத்திப்போட்டார். எனக்குக் கால்வினில பெரிசாப் பிடிப்பில்லை, ஆனா இதில ஆள் கவனம்.

மேய்ச்சல்தரை
ஏசாயாவை ஏன் ஒருத்தரும் எடுக்கேல்லை? 11:6, "ஓநாய் ஆட்டுக்குட்டியோடே தங்கும்". 65:25, சிங்கம் மாடுமாதிரி வைக்கோல் தின்னும். மோட்சத்தில மிருகம் இருக்கெண்டதுக்கு இதைவிட என்ன வேணும்?

ஓலைச்சுவடி
நல்ல வசனம், ஆனா தாங்கிற பாரத்துக்கு மேல ஏத்தாதேங்கோ. அதே 65ஆம் அதிகாரத்தில 20ஆம் வசனம் நூறு வயசில சாகிற ஆளைப் பற்றிக் கதைக்குது. சாவு இருக்கிற இடம் வெளிப்படுத்தல் 21:4 சொல்லுற, சாவே இல்லாத இடமா இருக்க ஏலாது. இரண்டாம் நூற்றாண்டு ஆயர் இரேனியு ஏசாயா 11ஐ நேராவே எடுத்து, மிருகங்கள் திரும்பவும் புல் தின்னும் எண்டு எழுதினவர். வேற பலர் அதைச் சமாதானத்துக்கு உருவகம் எண்டினம்.

எப்பிடி எடுத்தாலும் இங்க இரண்டு கேள்வி கலக்குது. புதிய பூமியில மிருகம் இருக்குமோ எண்டது ஒண்டு. செத்துப்போன இந்த மாடு எழும்புமோ எண்டது வேற. ஏசாயாவும் ரோமர் 8உம் முதலாவதுக்குத்தான் பலம் குடுக்குது. பிள்ளை கேக்கிறது இரண்டாவதை. முதலாவதுக்கு வசனத்தைக் காட்டி இரண்டாவதுக்கு "ஓம்" எண்டு சொல்லுறதுதான் வகுப்புகளில நடக்கிற பெரிய பிழை. காடு திரும்ப முளைக்கும் எண்டா, தறிச்ச அந்தப் பாலை மரம் திரும்பி வரும் எண்டு அர்த்தமில்லை.

மேய்ச்சல்தரை
இரண்டாவதுக்கு ஒண்டுமே இல்லையோ அப்ப?

சூரியகட்டை
ஆங்கில எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் 1940இல ஒரு வழி சொன்னவர். வளர்ப்பு மிருகத்துக்கு "தான்" எண்டது எசமானோட உள்ள உறவில உருவாகுது, அதால எசமானுக்குள்ளால அதுவும் உயிர்ப்பில பங்கு பெறலாம் எண்டு. நாய்க்குப் பொருந்தும். ஆனா அந்தக் கணக்கில காட்டு யானைக்கு என்ன? குளத்து முதலைக்கு என்ன? ஆளே தொடாத மிருகம் கடவுளுக்குச் சொந்தமில்லையோ? சங்கீதம் 104 காட்டுக் கழுதையையும் சிங்கக்குட்டியையும் பாடுது. லூயிஸ் அதையும் ஊகமாத்தான் வைச்சவர், ஆனா எங்கட காட்டுப் பக்கத்தில அது அரைக் கிணறு தாண்டினமாதிரி.

பாலைநிழல்
பாப்பரசர் பிரான்சிஸ் ஒரு பெடியனுக்கு "உன்ர நாயை மோட்சத்தில காணுவாய்" எண்டு சொன்னவர் எண்டு வட்சப்பில சுத்துதே?

மடுவழி
அது பிழை. 2014 நவம்பர் 26 பொதுச் சந்திப்பில அவர் புதிய சிருஷ்டியைப் பற்றிக் கதைச்சவர். அழுத பெடியனும் இல்லை, நாயும் இல்லை. "விண்ணகம் எல்லாப் படைப்புக்கும் திறந்திருக்கு" எண்ட வாக்கியம் பாப்பரசர் ஆறாம் பவுல் சொன்னதா முதலே வழங்கிவந்தது. பத்திரிகைக்காரர் இரண்டையும் ஒட்டிப்போட்டினம். டிசம்பரில பெரிய பத்திரிகைகளே திருத்தம் போட்டது. பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் 1990 சனவரி 10இல, மிருகங்களுக்கும் கடவுள் தந்த மூச்சு உண்டு எண்டு வேத வசனம் காட்டிச் சொன்னவர். அதையும் "மோட்சம் உண்டு" எண்டு நீட்டிப்போட்டினம்.

உண்மையா எழுத்தில இருக்கிறது 2015இல வந்த பிரான்சிஸின்ர "லவுதாத்தோ சீ" சுற்றுமடல், பத்தி 243. முடிவில்லா வாழ்வில ஒவ்வொரு படைப்பும் ஒளியோட உருமாறித் தன்ர இடத்தை எடுக்கும் எண்ட கருத்து அங்க வருது. "ஒவ்வொரு படைப்பும்" எண்டது இனமோ தனித்தனி உயிரோ எண்டு பிரிச்சுச் சொல்லேல்லை. மறைக்கல்வி ஏட்டில 2416இல இருந்து 2418 வரைக்கும் வாசியுங்கோ: மிருகத்துக்கு அன்பு காட்டவேணும், தேவையில்லாமல் வதைக்கிறது மனித மாண்புக்கே எதிர், ஆனா மனுசருக்கு மட்டும் உரிய பாசத்தை மிருகத்தில வைக்கக்கூடாது. மறுமை பற்றி அந்த மூண்டு பத்தியிலயும் ஒண்டும் இல்லை.

பூசைக் கேள்விக்கு வாறன். செத்த மாட்டுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்க ஏலாது. திருச்சபைச் சட்டம் 901இல உயிரோட இருக்கிறவர், இறந்தவர் எவருக்காகவும் ஒப்புக்கொடுக்கலாம் எண்டிருக்கிறது ஆக்களைப் பற்றினது. இறந்தவருக்குச் செபிக்கிறது பாவக் கறை நீங்க; பாவமே இல்லாத உயிருக்கு எதைக் கேட்டுச் செபிக்கிறது? நவம்பர் 2, இறந்தவர் நினைவு நாள் பெயர்ப் பட்டியலில மாட்டின்ர பேரையும் எழுதிக் குடுத்தா பாதர் வெட்டுவார், கோவிக்காதேங்கோ. சேமக்காலையில புதைக்கிறதும் ஏலாது, அது விசுவாசிகளின்ர உடலுக்காக ஆசீர்வதிச்ச நிலம்.

ஆனா மாட்டைத் தந்ததுக்கு நன்றிப் பூசை வைக்கலாம், சீவியம் போன குடும்பத்துக்காகவும் ஒப்புக்கொடுக்கலாம். பூசைக் கருத்தை எழுதேக்க "மாடுகளை இழந்த குடும்பத்துக்காக" எண்டு எழுதினாச் சரி.

மேய்ச்சல்தரை
உடலை என்ன செய்யிறது எண்டதையும் ஆராவது சொல்லுங்கோ. போன முறை கன இடத்தில வாய்க்காலுக்க இழுத்துப் போட்டிட்டினம்.

மிருகவைத்தியம்
சுருக்கமாச் சொல்லுறன். மூக்கு, ஆசனவாயால உறையாத கறுத்த இரத்தம் வடிஞ்சு திடீரெண்டு செத்ததெண்டா அடைப்பானா இருக்கலாம். வெட்டாதேங்கோ, உரிக்காதேங்கோ, நாய் அண்டவிடாதேங்கோ, கால்நடை வைத்தியருக்குச் சொல்லுங்கோ. மற்றதுக்கு மேட்டு நிலமாப் பார்த்து ஆறடிக்குக் குறையாமல் கிடங்கு. உடலுக்கு மேல மூண்டடி மண்ணாவது வரவேணும், சுண்ணாம்பும் தூவவேணும். கிணத்துக்கும் குளத்துக்கும் குறைஞ்சது நூறடி தள்ளி. மாரியில பள்ளக்காணியில வெட்டினா கிடங்குக்க தண்ணி ஊறும், வயிறு ஊதி உடல் மேல கிளம்பும், பிறகு நாய் கிண்டும். விசர் எண்டு சந்தேகமான நாயை வெறுங்கையால தொடக்கூடாது.

குருசு நடலாமோ எண்டு கேப்பினம். அது என்ர துறை இல்லை.

மடுவழி
உங்கட வளவுக்க நட்டா ஒரு சட்டமும் தடுக்காது. ஆனா மனுசக் குழி எண்டு பிறகு ஆராவது கிண்டுவினம். வன்னியில அது பகிடி இல்லை. ஒரு மரக்கண்டு வையுங்கோ.

ஜெபவீடு
எனக்கு ஒரு சந்தேகம். மாட்டுக்கு மறுமை இருக்கலாம் எண்டா, மாட்டிறைச்சி?

சூரியகட்டை
ஆதியாகமம் 9:3 இறைச்சிக்கு அனுமதி குடுக்குது. அதே அதிகாரம் 9:9-10இல கடவுள் நோவாவோட மட்டுமில்லை, சகல ஜீவஜந்துக்களோடயும் உடன்படிக்கை பண்ணுறார். ஏழு வசனத்துக்குள்ள இரண்டும் இருக்கு. விடியப் பங்குக் கோயில், மத்தியானம் பங்கு இறைச்சி எண்டு சீவிக்கிற எங்களுக்கு இது ஒண்டும் புதுசில்லை. உடன்படிக்கையில இருக்கிற உயிரை எப்பிடி அடிக்கிறது எண்டதில ஒழுங்கு வேணும்: மழுங்கின கத்தி, மற்ற மாட்டுக்கு முன்னால அறுக்கிறது, லொறியில தலைகீழாக் கட்டி ஏத்திறது, இதுகள், நீதிமான் தன்ர மிருகத்தைக் காப்பாத்துவான் எண்ட நீதிமொழிகள் 12:10க்கு நேர் எதிர்.

பாலைநிழல்
அப்ப பிள்ளைக்கு? ஆரும் ஒரு வசனமாத் தாங்கோ.

ஓலைச்சுவடி
சொல்லக்கூடாததை முதல்ல சொல்லுறன். "மாடு இப்ப மோட்சத்தில நிக்குது" எண்டு சொல்லாதேங்கோ, அதுக்கு வசனம் இல்லை. "மாட்டுக்கு ஆத்துமா இல்லை, முடிஞ்சுது" எண்டும் சொல்லாதேங்கோ, அதுக்கும் வசனம் இல்லை. "சாமி எடுத்திட்டார்" வேண்டவே வேண்டாம், பிள்ளை சாமியோட கோவிக்கும்.

லூக்கா 12:6ஐ எடுங்கோ. மத்தேயு 10:29இல ஒரு காசுக்கு இரண்டு அடைக்கலான் குருவி. லூக்காவில இரண்டு காசுக்கு ஐஞ்சு. கணக்குப்படி நாலுதான் வரவேணும். ஐஞ்சாவது சும்மா போட்டது, சந்தையில கொசுறு. காசு எண்டது அசாரியோன், ஒரு நாள் கூலியான தெனாரியத்தில பதினாறில ஒண்டு. விலையே இல்லாத அந்த ஐஞ்சாவதையும் சேர்த்துத்தான் "அவைகளில் ஒன்றாகிலும் தேவனால் மறக்கப்படுவதில்லை" எண்டு யேசு சொல்லுறார். பலகையில ஐஞ்சு குருவி கீறி, நாலுக்குக் கீழ காசைப் போட்டு, ஐஞ்சாவதுக்குக் கீழ ஒண்டும் போடாமல் விடுங்கோ. "கடவுள் உங்கட மாட்டை மறக்கமாட்டார்" எண்டு மட்டும் சொல்லுங்கோ. மறக்காத கடவுள் என்ன செய்வார் எண்டதைப் பிள்ளை கேட்டா, "அதை எங்களுக்குச் சொல்லேல்லை, ஆனா அவர் நல்லவர்" எண்டா அது பொய்யும் இல்லை, மழுப்பலும் இல்லை.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளையள் எண்டா யோனா 4:11. நினிவேயை ஏன் அழிக்கேல்லை எண்டதுக்கு "அநேக மிருகஜீவன்களும்" காரணத்தில வருது. எபிரெயத்தில அந்தப் புத்தகம் முடியிறதே அதுகளோடதான்.

ஜெபவீடு
லூக்கா 12:7ஐயும் வாசிக்கவேணும். "அநேகம் அடைக்கலான் குருவிகளைப்பார்க்கிலும் நீங்கள் விசேஷித்தவர்கள்." அதை விட்டிட்டு வாசிச்சா அரைவாசிதான்.

ஓலைச்சுவடி
சரியாச் சொன்னியள் தம்பி. இரண்டையும் சேர்த்தே வாசிப்பம்.

மடுவழி
செத்தாப் பிறகு தேடுறதை விட உயிரோட இருக்கேக்க ஆசீர்வதிக்க ஒழுங்கு இருக்கு, அதைக் கன பங்குகள் பாவிக்கிறதில்லை. 1984 ஆசீர்வாத நூலில மிருகங்களுக்கெண்டு தனி அதிகாரம். குருவோ தியாக்கோனோ இல்லாட்டி, பொதுநிலையினரும் தங்களுக்குரிய செபத்தோட நடத்தலாம். வாசகத்துக்கு தொடக்கநூல் (ஆதியாகமம்) 1:20-28 அல்லது 2:19-20, அல்லது எசாயா 11:6-10. பிறகு சங்கீதம், மன்றாட்டு, ஆசீர்வாதம், தீர்த்தம். நாளுக்கு வனத்து அந்தோனியார் திருநாள், சனவரி 17. யூன் 13இல வாற பதுவை அந்தோனியாரோட குழப்பாதேங்கோ. பட்டிப்பொங்கலுக்கு ஓரிரு நாள் பிந்தித்தான் வருது, மாடு ஏற்கெனவே குளிச்சுத் துப்புரவா நிக்கும்.

மிருகவைத்தியம்
நடத்திறதெண்டா விடியவே, மேய்ச்சலுக்கு விடமுன்னம். நாம்பனைத் தனியக் கட்டுங்கோ, நாய்களை மற்றப் பக்கம் சங்கிலியோட. தீர்த்தத்தை மாட்டின்ர முகத்துக்கு நேர வீசாதேங்கோ, மிரண்டு கயித்தை அறுக்கும். விலாப் பக்கம் நிண்டு முதுகில தெளியுங்கோ. வெடி கொளுத்தவே கூடாது.